இரண்டு நாள் முந்திய குஞ்சுகள்

எங்கள் கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. கோழிமுட்டைக் கூடை வந்து இறங்கியதும், அடைபெட்டியில் வைக்கும் முன்னால், அதிலிருந்து ஒரு முட்டையை எடுத்து உடைத்துப் பார்த்துவிட வேண்டும். நான் ஓய்வு பெற்ற பிறகும் அதை விடாமல் செய்கிறார்களாம். இப்போது முட்டையெல்லாம் பண்ணையிலிருந்து வருகிறது. என்றைக்கு இட்டது, எந்தச் சூட்டில் வைத்திருந்தது என்று சீட்டே எழுதி ஒட்டி அனுப்புகிறார்கள். என் இடத்துக்கு வந்திருக்கிற தம்பி போன வாரம் வீட்டுக்கு வந்து, "அண்ணாச்சி, எல்லாம் சீட்டுல இருக்கு. எதுக்கு ஒரு முட்டையை வீணாக்கணும்? இது யாரு போட்ட சட்டம்?" என்று கேட்டார். வாயால் சொன்னால் பாதியை விழுங்கிவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

நான் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். திருவேங்கடத்துப் பக்கம் கரிசல் காடு. மழை பெய்த வருஷம் பருத்தி, பெய்யாத வருஷம் பட்டினி. பதினாலு வயதில் கிளம்பினேன். புளியங்குடியில் எலுமிச்சை லாரிக்குக் கிளீனர், மலைக்கு மேலே தேயிலைத் தோட்டம், புனலூரில் மர அறுவை மில் என்று பத்து வருஷம் ஓடியது. எதிலும் ஒரு வருஷத்துக்கு மேல் நின்றதில்லை. யாரோடும் சண்டை இல்லை. ஏதாவது ஒன்று கோணலாகப் போனால் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு நடந்துவிடுவேன். சொல்லிக்கொண்டு கிளம்பியதே கிடையாது.

கடைசியாகக் குற்றாலத்துக்கு வந்தேன். சீசனில் பேரருவிக்குக் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிற வேலை. ஆனியும் ஆடியும் விடிந்தால் கால், முதுகு, தோள். கெண்டைக்கால் சதையைத் தொட்டதும் இவர் நடக்கிறவரா, உட்கார்ந்தே இருக்கிறவரா என்று கட்டைவிரல் சொல்லிவிடும்.

திருவிதாங்கூரோடு இருந்த செங்கோட்டை நம் பக்கம் வந்து சேர்ந்த மறுவருஷம் அன்னம்மா டீச்சர் குற்றாலத்துக்கு வந்தார். கொட்டாரக்கரைக்காரர். நான் எங்கள் கல்லூரி என்று சொல்கிறேனே, அங்கே விலங்கியல் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். முப்பத்தாறு முப்பத்தேழு வயது இருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆராய்ச்சிக்காக நீண்ட விடுப்பு எடுத்து, அருவிக்குப் போகும் வழியில் ஒரு ஓட்டு வீட்டை வாடகைக்குப் பிடித்திருந்தார். கூட அவருடைய அப்பா. அவருக்கு இடது பக்கம் வாதம் இழுத்திருந்தது. டீச்சர் "அப்பச்சன்" என்று கூப்பிடுவார். நானும் அப்படியே கூப்பிட்டேன். அவருக்கு எண்ணெய் தேய்க்கத்தான் அந்த வீட்டுக்குள் முதலில் போனேன்.

மூன்றாம் நாள் தேய்த்துக்கொண்டிருக்கும்போது டீச்சர் வந்து நின்றார்.

"எந்தா அங்கே நிறுத்தி நிறுத்தித் தேய்க்கிறே?"

"இங்கன செத்துக் கெடக்கு டீச்சர். இதுக்கு இந்தப் பக்கம் உயிர் இருக்கு. நடுவுல வரப்பு மாதிரி ஒண்ணு தட்டுப்படுது."

டீச்சர் உட்கார்ந்து தன் விரலை வைத்து அழுத்தினார். ஒன்றும் தெரியவில்லை. "ஒன்னுகூடி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு மறுபடி தொட்டார். இன்னொரு தடவை என்பதை அவர் மலையாளத்தில் அப்படித்தான் சொல்வார். பிறகு, "உண்டு" என்றார். அடுத்த நாள், "மாடசாமி, எனக்கு உன்னுடைய கை வேணும். சீசன் முடிஞ்சாலும் இங்கேயே நில்லு" என்றார். சீசன் முடிந்தால் எனக்கும் போக இடம் கிடையாது. சரி என்றேன்.

டீச்சர் தெரிந்துகொள்ள நினைத்தது இதுதான். சதை என்று நாம் சொல்வது நாரால் ஆனது. அந்த நாருக்குள் அதைவிட மெல்லிய இழைகள். அந்த இழைகளில் கறுப்பு வெள்ளையாகக் குறுக்கு வரிகள். மயோசின், ஆக்டின் என்று இரண்டு புரதங்கள், ஒன்று தடித்த இழையாகவும் மற்றது மெல்லிய இழையாகவும் நிற்கின்றன. ஒன்று மற்றதன் இடைவெளிக்குள் நுழைவதால்தான் சதை சுருங்குகிறது என்று அப்போதுதான் வெளிநாட்டில் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். டீச்சர் இரண்டு கைவிரல்களையும் எதிரெதிரே வைத்து ஒன்றுக்குள் ஒன்றை நுழைத்துக் காட்டுவார். முட்டைக்குள் கோழிக்குஞ்சு உருவாகும்போது இதெல்லாம் எப்படி வந்து அமைகிறது? இழை முதலிலா, வரி முதலிலா? எத்தனையாவது நாளில்? அதற்காகத்தான் முட்டை.

குற்றாலம் எதற்கு என்றால், மெழுகுக்காக. சதையை மெழுகில் பதித்துத்தான் மெல்லிசாகச் சீவிப் பார்க்க முடியும். சமவெளி வெயிலில் மெழுகு இளகிவிடும், சீவ வராது. சாரல் விழுகிற ஊரில் நன்றாகச் சீவலாம். ஆனால் முட்டைக்கு நூறு டிகிரி பாரன்ஹீட் சூடு வேண்டும். ஒரே வீட்டில் மெழுகு குளிர் கேட்கும், முட்டை சூடு கேட்கும். வடக்கு அறையை ஜன்னல் திறந்து மெழுகுக்குக் கொடுத்தோம். அடுப்படியை ஒட்டின அறையில் அடைபெட்டி. மரப்பெட்டிக்கு அடியில் தகரம், அதற்கும் அடியில் மண்ணெண்ணெய் விளக்கு. ஒரு கிண்ணத்தில் தண்ணீர். ஒரு நாளைக்கு மூன்று தடவை முட்டைகளைப் புரட்டிவிட வேண்டும். ஓட்டின் மேல் பென்சிலால்தான் குறிக்கலாம். மை உள்ளே இறங்கும். எத்தனை மணிக்கு வைத்தேன், எத்தனை மணிக்கு எடுத்தேன் என்று நோட்டில் எழுதுவது என் பொறுப்பு. நிமிஷம்கூடத் தப்பாமல் எழுதுவேன்.

வேலை பழக மூன்று மாதம் ஆனது. குறித்த நாளில் முட்டையை வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் உடைத்து, கருவின் தொடையை மட்டும் வெட்டி, மஞ்சள் நிறத் திரவம் ஒன்றில் போடுவோம். நகமெல்லாம் மஞ்சளாகிவிடும். பிறகு ஆல்கஹாலில் படிப்படியாக நீரை வாங்கி, மெழுகில் ஊறவைத்து, கட்டியாக வார்த்து, மைக்ரோடோம் எந்திரத்தில் சீவ வேண்டும். கைப்பிடியைச் சுற்றச் சுற்ற மெழுகு நாடாவாக வரும். மூச்சு பட்டால் பறந்துவிடும். அதைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டுவதற்கும் முட்டை வெள்ளைக்கருதான். "அவன் வீட்டுச் சாமானை வச்சே அவனை ஒட்டுதோம்" என்று நான் சொன்னதற்கு டீச்சர் ரொம்ப நேரம் சிரித்தார்.

எல்லாவற்றிலும் கஷ்டம் நிறம் இறக்குவது. முதலில் தகட்டை இரும்புப் படிகாரத் தண்ணீரில் ஊறவைத்து, அப்புறம் ஹீமடாக்சிலின் என்கிற மரச்சாயத்தில் போட்டுவிடுவோம். எல்லாம் கரிக்கட்டையாகிவிடும். மறுபடி படிகாரத் தண்ணீரில் முக்கி அந்தக் கறுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். ஒரு முக்கு, கழுவு, மைக்ராஸ்கோப்பில் பார். இன்னொரு முக்கு, கழுவு, பார். முந்தி நிறுத்தினால் எல்லாம் கறுப்பு. ஒரு நொடி பிந்தினால் எல்லாம் வெளுப்பு, ஒரு வாரத்து வேலை போய்விடும். நடுவில் ஒரு கணம், மற்றதெல்லாம் வெளிறி இழை மட்டும் கறுப்பாக நிற்கும். அப்போது தண்ணீருக்குள் போட்டுவிட வேண்டும். எண்ணெய் தேய்க்கும்போது எங்கே கையை நிறுத்த வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. இதுவும் அப்படித்தான் கைக்கு வந்தது.

டீச்சர் திட்டமாட்டார். ஒன்று கெட்டுப்போனால் வராந்தாவுக்குப் போய் மலையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். திரும்பி வந்து "ஒன்னுகூடி" என்பார். அவ்வளவுதான். இன்னொரு பழக்கமும் உண்டு. நல்ல தகடு கிடைத்தால் தான் முதலில் பார்க்கமாட்டார். என்னைப் பார்க்கச் சொல்லிவிட்டு, "நீ எந்து கண்டே? முதல்ல அது பறை" என்பார். நான் கண்டதைச் சொல்லி, காகிதத்தில் வரைந்தும் காட்ட வேண்டும். அதன் பெயர் என்ன என்று அப்புறம்தான் சொல்வார்.

அப்படி நான் கண்டது இது. முதலில் தனித்தனியாக உருண்டைச் செல்கள். பிறகு அவை இரண்டு முனையும் கூராக நீண்டு, ஒன்றின் பின் ஒன்றாக வரிசையில் நிற்கும். அடுத்த நாள் பார்த்தால் நடுவில் இருந்த சுவர்களைக் காணோம். எல்லாம் சேர்ந்து ஒரே நீளக் குழாய். நடுவில் உட்கருக்கள் மட்டும் கோத்தது போல வரிசையாக. பிறகு குழாயின் உள்சுவரை ஒட்டி ஒன்றிரண்டு இழைகள் ஓடும். வரி ஒன்றும் இருக்காது, வெறும் இழை. அதற்கப்புறம்தான் இழையில் வரி விழும். அதுவும் முதலில் ஒவ்வொரு இழையும் தன் போக்கில் வரி போட்டிருக்கும். நாளாக ஆகத்தான் பக்கத்து இழையோடு சேர்ந்து ஒரே நேரில் நிற்கும். அத்தனை வருஷம் தேய்த்த கால்களுக்குள் இப்படி இருந்தது என்பதே எனக்கு ஆச்சரியம்.

முட்டை தென்காசியிலிருந்து வந்தது. முதலில் சந்தையில் வாங்கினேன். பத்துக்கு நாலு கூமுட்டை. டீச்சர் வராந்தாவிலேயே நின்றார். அப்புறம் நெசவாளர் தெருவில் ஆயிசா லாத்தாவைப் பிடித்தேன். லாத்தா என்றால் அவர்களில் அக்கா. தெரு முழுக்க அவரை அப்படித்தான் கூப்பிடும். வீட்டுக்காரர் தறியில் இருப்பார், லாத்தா நூல் சுற்றுவார், முற்றத்தில் இருபது கோழி மேயும். "இது திங்கதுக்கு இல்ல லாத்தா. குஞ்சாகணும். கூமுட்டை ஒண்ணு வந்தாலும் எங்க டீச்சர் மலையைப் பாத்துக்கிட்டு நின்னுருதாங்க" என்று விவரம் சொன்னேன். லாத்தா கேட்டுக்கொண்டார். அடுத்த கூடையிலிருந்து ஒரு முட்டைகூடக் கெட்டுப்போகவில்லை. தொட்டால் இளஞ்சூடாக இருக்கும். அப்போதுதான் இட்டது, அவ்வளவு புதுசு என்று நினைத்துக்கொண்டேன். உமிக் கூடையில் பொதிந்து சைக்கிளில் கொண்டு வந்து பெட்டியில் வைத்து மணி எழுதுவேன்.

ஒரு வருஷம் இப்படி ஓடியது. நான் ஒரே இடத்தில் அவ்வளவு நாள் இருந்தது அதுதான் முதல் தடவை. அந்த வருஷத்தில் ஒரு அதிசயம் தெரிந்தது. நாலாம் நாள் முட்டையை உடைத்தால் கரு புத்தகப் படத்தைவிடப் பெரிதாக இருக்கும். தொடையில் வரி ஏழாம் நாளே விழுந்துவிடும். வெளிநாட்டார் எழுதியிருந்ததைவிட இரண்டு நாள் முன்னால். டீச்சர் சும்மா நம்பிவிடவில்லை. இரண்டாவது தெர்மாமீட்டர் வாங்கிப் பெட்டிக்குள் வைத்தார். ஒரு வாரம் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என் நோட்டுப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. நாட்டுக்கோழியின் கரு வேகமானது, இழையை முந்தி அடுக்குகிறது என்று ஒரு அத்தியாயம் எழுதினார்.

அந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு, அவருடைய வழிகாட்டிப் பேராசிரியர் கடிதம் எழுதினார். வடக்கே ஒரு பெரிய ஆய்வுக்கூடத்துக்கு எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் வந்திருக்கிறது, ஒரு இடம் காலியாக இருக்கிறது, இந்த அத்தியாயத்தை நம்பி உன் பெயரைச் சொல்லியிருக்கிறேன், ஆய்வேட்டை உடனே அனுப்பு. டீச்சர் அதை அப்பச்சனுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினார். என்னிடம், "மாடசாமி, வரி வரைக்கும் நாம கண்டாச்சு. அந்த வரி எதனால ஆனது, அந்த இரண்டு இழையும் எப்படி வந்து கோர்க்குது, அது அங்கே போனாத்தான் காணலாம்" என்றார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. ஆய்வேடு தட்டச்சாகி வந்தது. தைக்க வேண்டியதுதான் பாக்கி.

மிச்ச முட்டைகளை எடுத்துவிட்டுப் பெட்டியைக் காலி செய்யச் சொன்னார். அப்பச்சன் நாற்காலியிலிருந்து, "எல்லாத்தையும் கொன்னாச்சு. ஒரு அஞ்சு முட்டையை விடு மோளே. பொரியட்டும், நான் பார்க்கணும்" என்றார். விட்டோம்.

பத்தொன்பதாம் நாள் காலையில் ஓட்டைக் கொத்திக்கொண்டு ஒரு மூக்கு வந்தது. மதியத்துக்குள் ஐந்தும் வெளியே. அப்பச்சன் நல்ல கையால் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு விடவேயில்லை. "ஊர்ல இருவத்தொரு நாள் ஆகுமே டீச்சர்" என்றேன்.

"கோழி எழுந்து தின்னப் போகும். முட்டை ஆறும். நம்ம பெட்டி எழுந்து போகாதல்லோ" என்று சிரித்தார் டீச்சர். "இதைவிடச் சாட்சி வேணுமா?" என்று உட்கார்ந்து கடைசிப் பக்கத்தில் சேர்க்க ஒரு பத்தி எழுத ஆரம்பித்துவிட்டார்.

இந்த நல்ல சேதியை லாத்தாவிடம் சொல்ல வேண்டும் என்று சைக்கிளை எடுத்தேன். அடுத்த கூடையும் வாங்கிவரலாம், கல்லூரி மாணவர்களுக்குக் காட்டச் சில தகடுகள் செய்யச் சொல்லியிருந்தார் டீச்சர்.

லாத்தா ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தார். "லாத்தா, ஒங்க கோழிக்குப் பெரிய யோகம். சதையில வரி ஏழாம் நாளே விழுந்துட்டு, பத்தொம்பதாம் நாளே குஞ்சும் வந்துட்டு. டீச்சர் இங்கிலீசுல எழுதுதாங்க" என்றேன்.

லாத்தா சிரித்த சிரிப்பில் ராட்டை நின்றுவிட்டது.

"ஏலே கூறுகெட்டவனே, எங்கிட்ட ரெண்டு நாளு கெடந்துச்சே, அதை எங்கன விட்டே?"

"எங்கன கெடந்துச்சு?"

"கோழிக்கு அடியில. வேற எங்கன, என் தலைமாட்டுலயா?"

எனக்குப் புரியவில்லை. லாத்தா சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார். "நீதானலே சொன்னே, ஒரு கூமுட்டை வந்தாலும் அந்தப் பொம்பள மலையைப் பாத்துக்கிட்டு நிக்குதுன்னு. கேக்கவே ஒரு மாதிரி ஆயிட்டு. ரெண்டு நாளு அடைக்கு வச்சு, மூணாம் நாளு காலையில வெயில்ல தூக்கிக் காட்டுவேன். உள்ள ரத்தப்பொட்டு விழுந்திருக்கும். விழுந்ததைத்தான் ஒனக்குத் தருவேன். விழாததை நாங்க பொரிச்சுத் தின்னுருவோம்."

உள்ளேயிருந்து தறிச் சத்தத்துக்கு மேலே அவர் வீட்டுக்காரர் குரல் வந்தது: "அந்தச் சாம்பக்கோழி நாப்பது நாளா படுத்துக் கெடக்குய்யா! ஒரு குஞ்சு கண்ணுல பாக்கல. அது பாவம் ஒங்க டீச்சரைச் சும்மா விடாது!"

"நீங்க தறியைப் பாருங்க" என்றார் லாத்தா. பிறகு என் முகத்தைப் பார்த்து, "என்னலே? மொகம் ஏன் இப்படிப் போகுது?" என்றார்.

ஒன்றுமில்லை என்றேன். இருபது முட்டையை வாங்கி உமியில் வைத்துக்கொண்டேன். இளஞ்சூடாக இருந்தது.

பஸ் நிறுத்தத்துப் பக்கம் பழைய எலுமிச்சை லாரி ஒன்று காலியாக நின்றது. ஓட்டுகிறவரை எனக்குத் தெரியும். "என்ன மாடசாமி, ஊரு சலிச்சுட்டா? ஏறுதியா?" என்றார். சைக்கிளைத் தூக்கி மேலே போட்டேன், ஏறிவிட்டேன். யோசிக்கவில்லை. டீச்சர் முகத்தைப் பார்த்து இதைச் சொல்வதற்கு, புளியங்குடிக்குப் போய் மூட்டை தூக்குவது மேல். ஆய்வேட்டை அனுப்புவார், இடம் கிடைக்கும், போய்விடுவார். யாருக்கும் தெரியப்போவதில்லை.

கூடை மடியில் இருந்தது. லாரியில் காற்று அடித்தது. உமிக்குள் கையை விட்டுப் பார்த்தேன். மேல் வரிசை ஆற ஆரம்பித்திருந்தது. துண்டை அவிழ்த்துக் கூடையைச் சுற்றினேன். கொஞ்ச தூரம் போய் மறுபடி கையை விட்டேன். புது முட்டை என்றால் ஆறினால் என்ன? இவை புது முட்டை இல்லை என்று எனக்குத் தெரியுமே. இடைகால் வந்ததும் நிறுத்தச் சொன்னேன்.

"பைத்தியமாலே நீ?"

"முட்டை ஆறுது அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளோடு இறங்கினேன். கூடையை வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, வந்த வழியே மிதித்தேன்.

நான் போகும்போது சாயங்காலச் சாரல் விழுந்துகொண்டிருந்தது. டீச்சர் அந்தப் பத்தியைத் திருத்திக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். லாரியில் ஏறியதையும் சொன்னேன். டீச்சர் எழுந்து உப்புத் தண்ணீரைச் சுடவைத்தார். கூடையிலிருந்து ஒரு முட்டையை எடுத்துக் கிண்ணத்தில் உடைத்தார். எங்கள் அடைபெட்டியையே பார்க்காத முட்டை. மஞ்சள் கருவின் மேலே ஒரு சிவப்புப் பொட்டு. மிளகில் பாதிகூட இருக்காது. துடித்துக்கொண்டிருந்தது.

எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று தெரியாது. நாற்காலியிலிருந்து அப்பச்சன், "எந்தா மோளே?" என்று கேட்டார்.

"ஜீவன் உண்டு அப்பச்சா" என்றார் டீச்சர்.

"நான் போயிருதேன் டீச்சர்" என்றேன்.

"எங்கே?"

"எங்கயாச்சும்."

"நீ போனா ஆரு சீவும்?"

சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போனார். அன்றைக்கு நின்றது போல அவர் என்றைக்கும் நின்றதில்லை. மலை தெரியவேயில்லை, மூடிக் கிடந்தது. திரும்பி வந்து மேஜைமேல் இருந்த ஆய்வேட்டிலிருந்து அந்த அத்தியாயத்தை உருவினார். "நாள் போச்சு. வரிசை போகலை. செல் சேர்ந்தது, இழை வந்தது, அப்புறம் வரி. அது நாம கண்டது, அது சத்தியம். எத்தனையாவது நாள் என்கிறதை முதலிலிருந்து செய்யணும். ஒன்னுகூடி" என்றார். கொஞ்சம் கழித்து, "நான் என் பெட்டியைச் சோதிச்சேன், உன் கடிகாரத்தைச் சோதிச்சேன். கூடையைச் சோதிக்கலை. இனி எந்தக் கூடை வந்தாலும் ஒண்ணை உடைச்சுப் பார்த்துட்டுத்தான் மணி எழுதணும்" என்றார். சட்டம் போட்டவர் அவர்தான்.

மறுநாள் வழிகாட்டிக்கு உள்ளதை எழுதினார். பதில் வந்தது. உன் நேர்மை பெரிது, ஆனால் அந்த இடம் ஒரு வருஷம் காத்திருக்காது என்று. வேறு ஒருவருக்குப் போய்விட்டது. அப்பச்சனுக்கு அந்தக் கடிதத்தை ஒரே தடவைதான் வாசித்துக் காட்டினார். என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார்: "அந்த லாத்தாகிட்டே இது பறைய வேண்டாம். அவங்க நல்லது நினைச்சுச் செய்தது."

ஆனால் இனிமேல் அடைக்கு வைக்காத முட்டை வேண்டுமே. லாத்தாவிடம் எப்படிக் கேட்பது? கேட்டதும், "ஏன்? எங் கோழி சூடு ஒங்க வெளக்குச் சூட்டை விட மட்டமா?" என்று கோபித்துக்கொண்டார். வாயில் வந்ததைச் சொன்னேன். "அப்படி இல்ல லாத்தா. முதல்லேருந்தே தன் கையால சூடு கொடுக்கணும்னு டீச்சருக்கு ஒரு ஆசை."

லாத்தா கூடையை வாங்கிக்கொண்டார். "அதைச் சொல்ல என்னலே வெக்கம்" என்றார் மெதுவாக. "பிள்ளை இல்லாத மனசு. கொண்டு போ."

இரண்டாவது வருஷமும் அதே வேலை. கூமுட்டைகள் திரும்பி வந்தன. எல்லாக் கூடையிலும் முதல் முட்டையை உடைத்தோம். வரி ஒன்பதாம் நாள் விழுந்தது. நம் கோழி எந்த ஊர்க் கோழிக்கும் முந்தவில்லை, பிந்தவும் இல்லை. டீச்சர் அதை அப்படியே எழுதினார். ஆய்வேடு போனது, பட்டம் வந்தது. பழைய வகுப்புக்கே திரும்பிப் போனார். என்னையும் உதவியாளாகக் கூட்டிப் போனார். ஓய்வு பெறுகிறவரை அங்கேதான் இருந்தேன். எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பை அவர் படத்தில் மட்டும்தான் பார்த்தார்.

குற்றாலத்து வீட்டைக் காலி செய்யும் முன்பு டீச்சர் லாத்தாவை ஒரு நாள் வரச் சொன்னார். இத்தனை முட்டை கொடுத்தவர், என்ன ஆயிற்று என்று பார்க்க வேண்டாமா? லாத்தா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்து மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார். டீச்சர் வழக்கம்போல, "நீங்க எந்து கண்டீங்க? முதல்ல அது சொல்லணும்" என்றார்.

"நூலு" என்றார் லாத்தா உடனே. "கறுப்பும் வெள்ளையுமா வரி ஓடுது." இன்னும் கொஞ்சம் பார்த்தார். "ஆனா டீச்சரம்மா, இது நெய்ஞ்ச வரி இல்ல. குறுக்க ஊடை நூலே போகலையே. ஓரத்துல எங்கயும் திரும்பக் காணோம். எல்லாம் பாவு நூலுதான். நூலுலயே வரி இருக்கு."

டீச்சர் என்னைப் பார்த்தார். அப்புறம் தன் இரண்டு கைவிரல்களையும் கோத்து லாத்தாவுக்குக் காட்டினார். "அதுதான் லாத்தா. எல்லாம் நீள நூல்தான். தடித்தது, மெல்லியது. ஒண்ணு மேல ஒண்ணு ஏறின இடம் கறுப்பு. பெரிய பெரிய ஆளுங்க இப்பத்தான் அதைச் சொல்லுறாங்க."

"பெரிய ஆளுங்க தறியில உக்காந்ததில்ல போல" என்றார் லாத்தா. எல்லாரும் சிரித்தோம். "இது எத்தனாம் நாளு?"

"ஒன்பது" என்றார் டீச்சர்.

"ஒம்பதா? போன வருசம் இவன் ஏழுல்லா சொன்னான்?"

லாத்தா மடியில் கையை வைத்து, விரலை விட்டுப் பார்த்தார். ஏழு, எட்டு, ஒன்பது. இரண்டு விரல் நின்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எம்மா, அந்த ரெண்டு நாளை நான்தான் களவாண்டேனா?"

"களவில்லை லாத்தா. நீங்க ரெண்டு நாள் கூடுதலாத் தந்தீங்க. எண்ணிப் பாக்க எனக்குத் தெரியலை."

"அதனால ஒங்களுக்கு ஏதும் கெட்டுப்போச்சா?"

"ஒரு அத்தியாயம் போச்சு. அது தப்பான அத்தியாயம். போகட்டும்."

லாத்தா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவருக்கு அது போதுமாக இருந்தது. "இன்னொருக்கப் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மறுபடி குழாயில் வைத்தார். ரொம்ப நேரம் கண்ணை எடுக்கவேயில்லை. டீச்சர் அவர் தோள்மேல் கையை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

லாத்தா போன பிறகு மைக்ராஸ்கோப்பைப் பெட்டியில் வைக்க எடுத்தேன். கண் வைக்கும் கண்ணாடி நனைந்திருந்தது. உப்புத் தண்ணீர் காய்ந்தால் கறை விடும். மல் துணியை நனைத்து இரண்டு தடவை துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மூடிவைத்தேன்.